இங்கே கேட்ட மணி

இணையத் தொலைபேசிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, இந்தத் தொழிலில் புழங்கும் சொற்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் வேறென்ன கேட்பார்கள். சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கும், அதற்கு நான் தேவையில்லை. அந்தச் சொல்லை நம்பிக்கொண்டு எதிரே ஒரு மனுஷி நிற்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் நான் சொல்ல முடியும். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பது கள்ளக்குறிச்சியில் என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நாம் பேசுவதை இணையம் முழுசாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை. துண்டு துண்டாக வெட்டி, பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அதுதான் பாக்கெட். அது போய்ச் சேர ஆகும் நேரம் லேட்டன்சி. கச்சிராயபாளையம் டவுன் பஸ் மாதிரி, வெகுநேரம் ஒன்றுமே வராமல் பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வந்தால் ஜிட்டர். வழியிலேயே தொலைந்து போனால் பாக்கெட் லாஸ். கல்வராயன் மலைமேல் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் கிடையாது. "பாதிப் பேச்சுதாங்க வருது, மீதி எங்கியோ வுழுந்துடுது" என்பார்கள். அதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடியாது.

எக்கோ என்றால் நம் குரலே நமக்குத் திரும்பி வருவது. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டார். போன் போட்டால் மச்சான் தன்னைப் போலவே பேசிப் பழிப்புக் காட்டுகிறானாம். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நிற்கும் நிலைமை. கருவியில் ஓர் அமைப்பை மாற்றினோம், மச்சான் நல்லவராகிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தோம். பிறகு நடந்ததைப் பார்த்தபின் அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை.

இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டுமே கருவி தானாக உண்டாக்கும் சத்தங்களின் பெயர்கள்.

ஒன்று கம்ஃபர்ட் நாய்ஸ். ஒருவர் பேசாமல் இருக்கும்போது அவர் பக்கத்துக் கருவி எதையும் அனுப்புவதில்லை. பேச்சு இல்லை என்று அதுவே முடிவு செய்துகொண்டு, அனுப்பும் வேலையை மிச்சம் பிடிக்கிறது. அப்போது கேட்பவர் காதில் ஒரேயடியாக நிசப்தம் விழும். லைன் செத்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள். அதனால் கேட்பவர் பக்கத்துக் கருவி, லேசாக 'உஸ்' என்று ஓர் இரைச்சலைப் போட்டு வைக்கிறது. அது எதிராளியின் வீட்டுக் காற்று இல்லை. ஆறுதலுக்குச் செய்த சத்தம்.

இரண்டாவது ரிங்பேக் டோன். ஓர் எண்ணை அழுத்தியதும் நம் காதில் ரிங் போகிறதே, அது. அங்கே அடிக்கும் மணிதான் இங்கே கேட்கிறது என்று உலகமே நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லை. வழியில் இருக்கும் ஏதோ ஒரு கருவி நமக்காகத் தனியாகப் போடும் சத்தம் அது. 'மணி அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், காத்திருங்கள்' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அங்கே மணி அடித்ததா, யார் காதிலாவது விழுந்ததா என்பது பல சமயம் அந்தக் கருவிக்கே தெரியாது.

அலமேலுவை எனக்குப் பழக்கம் பண்ணிவைத்தது இந்தச் சத்தம்தான்.

மலைமேல் கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு மாணவர் விடுதி. செல்போன் சிக்னல் அங்கே வரும், போகும். அதனால் இணையத் தொலைபேசி வைப்பதற்காக நாங்கள் போயிருந்தோம். காப்பாளர் அறையில் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு போனும், அந்தப் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துச் சமையலறையில் இன்னொரு போனும். எல்லாம் முடிந்து சோதனை பார்க்க வேண்டியதுதான் பாக்கி. சமையலறையில் மணி அடித்தால் எடுக்கச் சொல்லி எங்கள் ஜீப் டிரைவரை நிறுத்திவிட்டு, நான் காப்பாளர் அறையிலிருந்து அடித்தேன். ஸ்பீக்கரில் ரிங் போய்க்கொண்டே இருந்தது. மனிதர் பீடி பிடிக்க வெளியே போய்விட்டார் போல.

எனக்கு டீ கொண்டுவந்த சமையல்காரப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் டம்ளரோடு அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எடுக்க மாட்டாங்க மேடம். ரிங்கு போவும். எடுக்க மாட்டாங்க" என்றாள்.

டிரைவரைப் பற்றிச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அலமேலுவுக்கு ஒரே தம்பி, பெருமாள். மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்க முடியாமல், நிறையப் பேரைப் போல அவனும் வெளியூர் போனான். குடகுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில், பழம் காயவைக்கும் களத்துக்குக் காவல். களத்து ஓரத்து அறையில் அவன் மட்டும் தனியாக இருப்பான். அங்கே செல்போன் எடுக்காது. தோட்டத்து அலுவலகத்தில் ஓர் இணையத் தொலைபேசிப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து அவன் தலைமாட்டில் ஒரு போன் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு நேரடி எண்ணும் உண்டு.

மலையில் பேச்சு விழுந்து விழுந்து வருவதால், பேசுவதையே அங்கே பல வீடுகளில் விட்டுவிட்டார்கள். ரிங்கிலேயே சேதி சொல்லிக்கொள்வார்கள். இவர்கள் வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதை யாரும் எடுக்கக் கூடாது. விடாமல் அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் இரண்டு ரிங் விடுவான், அம்மா பதிலுக்கு இரண்டு விடச் சொல்லுவாள். அந்த இரண்டு ரிங்கைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா கஞ்சி குடிப்பாளாம்.

ஒரு மழை நாளில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். ரோட்டோரத்துப் பலாமரத்தடியில்தான் சிக்னல் நிற்கும், வண்டியும் அங்கேதான் வர வேண்டும். வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் அலமேலு தம்பிக்கு அடித்தாள். விடாமல் அடித்தாள். ரிங் போயிற்று, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். அம்மா கையை நீட்டிப் போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அடிக்குதுடி" என்றாளாம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எடுக்க மாட்றான் பாரு. நான் இன்னாடி பண்ணேன் அவன?" என்றாளாம்.

வண்டி வந்தது. கீழே இறங்கி, கோமுகி அணை கண்ணுக்குத் தெரியும்போது அம்மா இல்லை. பலாமரத்தடியில் சொன்னதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

ஊர்க்காரர் ஒருவர் குடகுக்கு வேலைக்குப் போனபோதுதான் பெருமாளுக்கு விஷயம் தெரிந்தது. அவன் வந்து சேர்ந்தபோது புதைத்த மண் காய்ந்துவிட்டிருந்தது. வாசலில் வைத்தே அலமேலு கேட்டாள், நீ படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்று. மணியே அடிக்கவில்லை என்றான் அவன். மழைக்குக் கிளை முறிந்து விழுந்து, அலுவலகத்திலிருந்து களத்துக்கு வரும் ஒயர் அறுந்து கிடந்தது என்றான்.

"ஒயரு அறுந்திருந்தா ரிங்கு எப்பிடிறா போவும்?" என்றாள் இவள். "எங்காதால கேட்டேன். எங்கம்மா காதால கேட்டுச்சி."

சுற்றி நின்ற சொந்தக்காரர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனாலும் அலமேலு கண்மூடித்தனமாக முடிவு கட்டுகிறவள் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் போய், ஒரு போன் சேவைக் கவுண்ட்டரில் கேட்டிருக்கிறாள். ஒயர் அறுந்திருந்தால் ரிங் போகுமா என்று அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. இந்த நம்பருக்கு ரிங் போயிருக்கிறதா என்றுதான் கேட்டாள். அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, "ரிங் போயிருக்குதுங்க. அவரு எடுக்கல, அவ்ளோதான்" என்றாராம்.

அந்தக் கவுண்ட்டரில் இருந்தது யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. கெட்ட மனிதராக இருக்க முடியாது. தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் வாக்கியம் அது. ரிங் போகுது, எடுக்கல. அதைச் சொல்லும்போது ஒரு குடும்பத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறோம் என்று யாருக்குத் தோன்றும்?

அலமேலு மலை ஏறி வந்து, தம்பிக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். காரியத்துக்கும் கூப்பிடவில்லை. அதோடு அவன் மலைக்கு வரவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுடைய போனில் இரண்டு ரிங் மட்டும் வந்துகொண்டிருந்தது. இவள் பதில் விடுவதில்லை. அந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் வரும் இடத்துக்கு மட்டும் போய்விடுவாள். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்கதான் போன் வேல செய்றவங்களாச்சே, சொல்லுங்க மேடம். இங்க ரிங்கு கேட்டா அங்க அடிச்சிதுன்னுதான அர்த்தம்?"

பிள்ளைகளே, எத்தனையோ பெரிய கோளாறுகளைப் பார்த்திருக்கிறேன். மழையில் மொத்த மலையும் தொடர்பில்லாமல் போய், அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போதுகூட உடனே பதில் சொல்லிவிடுவேன். இந்தக் கேள்விக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது பொய். இல்லை, உன் தம்பிக்கு மணி அடிக்கவே இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்திருக்கும், ஆனால் குடகில் அறுந்த ஒயரை நான் பார்க்கவில்லையே. இன்னொன்றும் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா போன பிறகு இந்தப் பெண் தம்பிமேல் இருந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும்? ஒன்றும் செய்யாத தம்பியைச் சாவு வீட்டு வாசலிலிருந்து விரட்டினோம் என்ற நினைப்பு வந்து உட்காரும். கோபத்தைத் தாங்கிக்கொண்டு வாழ்ந்துவிடலாம், இதைத் தாங்குவது கஷ்டம்.

ஆனால் கேட்டது அவள். அவளுக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது, அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

"வாயால சொன்னா நீ நம்ப வேணாம். கண்ணால பாரு" என்று அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த போனுக்கு வரும் ஒயரைக் காட்டி, அதைப் பிடுங்கிவிட்டுக் காப்பாளர் அறையிலிருந்து அடித்துப் பார்க்கலாம் என்றேன். "நானே புடுங்கறேன்" என்றாள். பிடுங்கினாள். டிரைவர் அதற்குள் வந்துவிட்டிருந்தார். அவரை அந்தப் போன் பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன். இந்த முறை அவர் நகரவில்லை.

காப்பாளர் அறைக்கு வந்து எண்ணை அழுத்தி ரிசீவரை அவள் காதில் கொடுத்தேன்.

ரிங் போயிற்று. எனக்குத் தெரியும் அது போகுமென்று. ஒயரின் அந்த முனையில் போன் இருக்கிறதா இல்லையா என்று பெட்டி பார்ப்பதில்லை. மணி அடிக்க மின்சாரத்தை ஒயரில் அனுப்பிவிட்டு, 'அடிக்கிறது' என்று இந்தப் பக்கம் சேதி சொல்லிவிடும். நம் காதில் ரிங் கேட்கும். அலமேலு ரிசீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறை பக்கத்திலேயேதான். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. "அடிக்கலீங்க மேடம்" என்று டிரைவர் அங்கிருந்து குரல் கொடுத்தார். தானாகக் கட் ஆகும்வரை அவள் காதை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் கேட்டுச்சி" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எங்கம்மா இதக் கேட்டுகினா மேடம் செத்துச்சி? இந்தப் பொட்டி போட்ட சத்தத்தையா?"

ஒயர் அறுந்திருந்தால் இப்படித்தான் கேட்டிருக்கும், அவன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சத்தம் போட ஆரம்பித்தபோது எழுந்தாள். தம்பிக்குப் பேச வேண்டும் என்றாள். குடகில் களத்து வேலை முடிந்து அவன் அறைக்கு வரும் நேரம்தான் அது. விடுதியின் புது லைனிலேயே போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், தனியாகக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ரிங் போக ஆரம்பித்தது. சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அங்க அடிக்குதா மேடம்?" என்றாள்.

"தெரியாதும்மா. எடுத்தாதான் தெரியும்."

என் பணிக்காலம் முழுவதிலும் நான் சொன்ன மிகச் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

எடுத்தான். "அலோ" என்றான். அவள் தன் பெயரைச் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை. "அடிக்கலியாம்டா" என்றாள். "ஒயரு அறுந்தா அங்க அடிக்காதாம். இங்க மட்டும் அடிக்குமாம். நானே புடுங்கிப் பாத்தேன்டா. நீ சொன்னது நெசந்தான்டா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "கட்டாயிடுச்சா?" என்று அவள் பதறினாள். பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லைன் இருக்கிறது, அவன் இருக்கிறான் என்றேன். அவன் அழுகிறான் என்று எனக்குப் பட்டது. ஆனால் மெல்ல அழுதால் அந்தச் சத்தத்தைக் கருவி பேச்சென்று எடுத்துக்கொள்ளாது. அனுப்பாது. அதற்குப் பதிலாக நம் பெட்டி நமக்கு ஆறுதலாக இந்த இரைச்சலைப் போட்டுக்கொண்டிருக்கும். தம்பி அழுவதை அக்காவுக்குக் கேட்கவிடாமல் செய்வதும் நம் தொழிலில் ஒரு நல்ல அம்சம்தான், அதற்கு நான் பாடம்கூட எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அதை உடைத்துப் போடலாம் போலிருந்தது.

பிறகு அவன் குரல் வந்தது. ஒரு எழுத்துகூட வழியில் விழாமல் தெளிவாக வந்தது.

"சரிக்கா. ஒனக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றான். "அம்மாகிட்ட யாருக்கா சொல்றது?"

அலமேலு வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்துகொண்டேன். இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று டிரைவர் சொன்னார். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். அவள் போனை வைத்த பிறகு உள்ளே போய், சமையலறை ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு, இரண்டு முனையிலும் ஆளை நிறுத்தி, மணி அடிப்பதை என் காதால் கேட்ட பிறகுதான் கிளம்பினேன். அதற்குள் அலமேலு பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்திருந்தாள்.

பெருமாள் அடுத்த வாரம் வந்தான், அக்காவோடு அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போனான் என்று பிறகு தெரிந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கு நீங்கள் கவுண்ட்டரில் உட்காருவீர்கள். யாராவது வந்து, நான் அடித்தேனே, ரிங் போயிற்றா என்று கேட்பார்கள். திரையில் பார்த்துவிட்டு, போயிருக்குது, அவங்கதான் எடுக்கல என்று சொல்ல உங்களுக்கு வாய் வரும். அதை மட்டும் சொல்லாதீர்கள். இங்கே ரிங் கேட்டிருக்கிறது, அங்கே அடித்ததா என்பது எங்களுக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். எரிச்சல்படுவார்கள், இதுகூடத் தெரியாமல் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். பலாமரத்தடியில் தூளியில் படுத்துக்கொண்டு ஒருத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அவளிடம் இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.